வட்டப்படத்தில் பெற்றோர் பெயர் இல்லாத துண்டு

காற்று மாசுக்கு வரம்பு வகுப்பவர்களுக்கும், மாசு எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் அறிக்கைகளைத் தவறாமல் படிக்கிறவன் நான். பெரும்பாலானவற்றில் ஒரு வட்டப்படம் இருக்கும். சாலைப் புழுதி இவ்வளவு, வாகனப் புகை இவ்வளவு, ஆலைகள் இவ்வளவு, கட்டுமானம் இவ்வளவு என்று வட்டத்தைத் துண்டு போட்டு வண்ணம் தீட்டியிருப்பீர்கள். கூட்டினால் நூறு வரும். வெளியே வரும்போதே துகளாக வந்தவற்றின் கணக்கு அது. கொஞ்சம் கவனமாகத் தயாரித்த அறிக்கைகளில் கூடுதலாக ஒரு துண்டு இருக்கும். ‘இரண்டாம் நிலைத் துகள்கள்’ என்று எழுதியிருக்கும், அதாவது வாயுவாக வெளியேறிக் காற்றில் துகளாக மாறியவை. அது பெரிய துண்டாகவே இருக்கும். ஆனால் அதற்கு யார் பொறுப்பு என்று எங்கும் எழுதியிருக்காது. மற்ற துண்டுகளுக்கெல்லாம் ஒரு துறை, ஒரு விதி, ஒரு அபராதம் உண்டு. இது மட்டும் பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி ஓரமாக நிற்கும்.

அந்தத் துண்டைப் பற்றித்தான் இந்த மடல்.

துகள் எண்ணும் கருவியோடு பல வருடம் பழகியவன் என்பதால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், முந்தைய இரவு நல்ல மழை. காலையில் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தில் எதுவும் எரியவில்லை, காற்றும் சுத்தமான பக்கத்திலிருந்துதான் வீசியது. ஒன்பது மணி வரை கருவி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் துகள்கள் என்று காட்டிக்கொண்டிருந்தது. பத்து மணியைத் தாண்டியதும் எண் கிடுகிடுவென ஏறியது. பதினைந்தாயிரம், முப்பதாயிரம். கருவி கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டினேன். குழாயைக் கழற்றி மாட்டினேன், வடிகட்டி வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று சோதித்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பக்கத்திலேயே நிறை அளக்கும் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் அசைவே இல்லை. எண்ணிக்கை பத்து மடங்கு ஏறிய அதே வேளையில் எடை அப்படியே நின்றது.

இரண்டு கருவிகளும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. கண்ணெதிரே காற்றில் துகள்கள் பிறந்துகொண்டிருந்தன.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஈரக்காற்றை விரியவைத்து, ஒவ்வொரு துகளின் மேலும் நீர்த்துளி படியச்செய்து, துளிகளை எண்ணும் கருவியை ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்துவிட்டார். வெயில் பட்டால் காற்றில் துகள் கூடுகிறது என்பதை அவரே கவனித்துவிட்டார். பின்லாந்தின் ஹூட்டியாலா காட்டில் 1996 முதல் துகள்களின் அளவுப் பரவலை இடைவிடாமல் பதிவுசெய்து வருகிறார்கள். நேரத்தைக் கிடை அச்சிலும் துகளின் விட்டத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால், சில நானோமீட்டரில் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தொடங்கி மாலைக்குள் 50, 80 நானோமீட்டர் என வளைந்து ஏறும் ஒரு பட்டை தெரியும். துறையில் இருப்பவர்கள் அதை வாழைப்பழம் என்றே கூப்பிடுகிறார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

எப்படிப் பிறக்கிறது? வெயில் ஓசோனை உடைக்கிறது. உடைந்த துண்டு நீராவியோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற படுசுறுசுறுப்பான மூலக்கூறாகிறது. அது சல்ஃபர் டை ஆக்சைடைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. காற்றில் இப்படி மிதக்கும் கந்தக அமில மூலக்கூறுகள் மிக மிகக் குறைவு. லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளுக்கு ஒன்றுகூடத் தேறாது. இருந்தும் அவை ஒன்றையொன்று தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. வெறும் அமிலமாக ஒட்டினால் சீக்கிரம் பிரிந்துவிடும். நடுவில் பசை மாதிரி ஒரு காரம் வேண்டும். அம்மோனியா அந்த வேலையைச் செய்யும். அதன் உறவுக்காரச் சேர்மங்களான அமீன்கள் இன்னும் நன்றாகச் செய்யும். ஐரோப்பிய நாடுகளின் செர்ன் ஆய்வகத்தில் சுமார் 26 கன மீட்டர் கொள்ளளவுள்ள எஃகுக் கலத்தில் நடக்கும் ‘கிளவுட்’ பரிசோதனை 2013இல் காட்டியது இது: டைமெத்தில் அமீன் லட்சம் கோடியில் மூன்று பங்கைத் தாண்டினாலே, அம்மோனியா மட்டும் இருக்கும் நிலையைவிடத் துகள் பிறக்கும் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடக்கூடும். கந்தக அமிலமே இல்லாமல், மரங்கள் விடும் ஆவியிலிருந்து மட்டும்கூடத் துகள் பிறக்கும் என்று அதே கலத்தில் 2016இல் காட்டினார்கள்.

பிறந்த குட்டிகள் எல்லாம் பிழைப்பதில்லை. ஒன்றிரண்டு நானோமீட்டர் அளவில் குட்டியின் மேற்பரப்பு அவ்வளவு வளைந்திருப்பதால் மேலே படிந்த ஆவி நிற்காமல் ஓடிவிடப் பார்க்கும். அந்த அளவைத் தாண்டி மணிக்குச் சில நானோமீட்டராவது வளர்ந்தாக வேண்டும். அதற்குள் ஏற்கெனவே மிதக்கும் பெரிய துகள் ஒன்று மோதினால் கதை முடிந்தது, அதிலேயே ஒட்டிக் காணாமல் போய்விடும். அந்த மழைக்கு மறுநாள் காலையில் என் கருவி கூத்தாடியதற்கு இதுதான் காரணம்: விழுங்குவதற்குப் பெரிய துகள்கள் இல்லை. சுத்தமான காற்று, குட்டித் துகள்களுக்கு நல்ல தொட்டில்.

அப்படியானால் பெருநகரங்களின் அழுக்குக் காற்றில் துகள் பிறக்கவே கூடாதே? பிறக்கிறது. வெகுகாலம் குழப்பிய கேள்வி இது. 2020இல் கிளவுட் குழு அதற்கு ஒரு விடை சொன்னது. வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், நைட்ரிக் அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்து சில நானோமீட்டரே உள்ள குட்டிகளின் மேல் சடசடவெனப் படிந்து, ஆபத்தான பருவத்தைச் சில நிமிடங்களில் கடக்கவைத்துவிடும். வாகனப் புகையில் கிளம்பி நைட்ரிக் அமிலமாக மாறிய நைட்ரஜன் ஆக்சைடும் தொழுவத்தில் கிளம்பிய அம்மோனியாவும் தெருவின் குளிர்ந்த காற்றில் சந்தித்துக்கொள்ளும் இடம் அது. உங்கள் பட்டியலில் இந்த இரண்டும் வேறு வேறு துறைகளின் கோப்புகளில் கிடக்கின்றன.

நேராகத் துகளாகவே வருபவற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, நீங்கள் நன்றாக அறிந்தவை. எடையில் பார்த்தால் இயற்கைதான் பெரிய கை. பாலைவனப் புழுதி ஆண்டுக்கு நூறு கோடி டன்னுக்கு மேல், கடல் உப்பு அதற்கும் மேல். காற்று தூக்கிப்போடும் மணல் தரையில் துள்ளித் துள்ளி மோதுவதில் நுண்புழுதி தெறிக்கிறது. அலை நுரையின் குமிழிகள் வெடிப்பதில் உப்புத் துளி கிளம்புகிறது. அப்புறம் கரி, சாம்பல், மகரந்தம், டயரும் பிரேக்கும் தேய்ந்து வரும் தூள். இவற்றில் பருமனான பகுதி தானாகவே இறங்கிவிடும். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்) விட்டமுள்ள துகள் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் விழுகிறது, அதாவது அசையாத காற்றில் ஒரு நாளைக்கு 250 மீட்டருக்குக் குறையாமல். 1 மைக்ரான் துகளோ ஒரு நாளைக்கு 3 மீட்டர்தான் இறங்கும். அதற்கும் சிறியதை இறக்க ஈர்ப்பு விசையால் ஆகாது. மேகமும் மழையும் வந்து கூட்டிப் போக வேண்டும். அதுவரை சில நாட்கள், சில நேரம் ஒரு வாரத்துக்கும் மேல், அது மிதந்து ஊர் ஊராகப் போகும்.

சாலையில் தண்ணீர் தெளிக்கும் வண்டிகளை நான் குறை சொல்லவில்லை, தெளியுங்கள். ஆனால் அது தானாகவே விழக்கூடிய தூசிக்கான வைத்தியம். மிதந்துகொண்டே இருக்கும் தூசியில் பெரும்பகுதி தரையிலிருந்து கிளம்பியதே இல்லையே.

சரி, இப்போது புகைபோக்கிக்கு வருவோம். நிலக்கரி எரிக்கும் பெரிய உலைகளில் மின்விசையால் சாம்பலை இழுத்துப் பிடிக்கும் நிலைமின் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பராமரித்தால் சாம்பலில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். புகைபோக்கி வாயில் கரும்புகை தெரியாது. ஆய்வுக்கு வருபவர் மேலே பார்த்து, சுத்தம் என்று எழுதிவிட்டுப் போவார். அதே வாயிலிருந்து சல்ஃபர் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும், ஏனென்றால் வடிகட்டிக்கு வாயு என்றால் என்னவென்றே தெரியாது. அந்த வாயுவில் 64 கிராம், காற்றில் ஆக்சிஜனையும் நீரையும் அம்மோனியாவையும் சேர்த்துக்கொண்டு 132 கிராம் அம்மோனியம் சல்ஃபேட்டாக முடியக்கூடும். இரண்டு மடங்குக்கும் மேல். முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை இது.

இன்னொரு சிக்கலும் அங்கேயே இருக்கிறது. சூடான குழாய்க்குள் வடிகட்டியை நீட்டித் துகளை அளந்தால், அந்தச் சூட்டில் ஆவியாக இருப்பவை வடிகட்டியில் சிக்காது. வெளியே வந்து ஆறிய சில நொடிகளில் அவை துளியாகவும் துகளாகவும் உறைந்துவிடும். இவை அரைமணி நேர வேதியியலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. அளந்த கணக்கில் இல்லை, மூக்குக்குள் இருக்கிறது.

சல்ஃபர் டை ஆக்சைடு வெறும் காற்றில் ஹைட்ராக்சிலோடு மட்டும் மாறுவதாக இருந்தால் ஒரு வாரம்போல ஆகும். மேகத் துளிக்குள்ளோ மூடுபனித் துளிக்குள்ளோ கரைந்துவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த வேலையைச் சில மணி நேரத்துக்குள் முடித்துவிடும். துளி உலர்ந்தால் மிஞ்சுவது சல்ஃபேட் துகள். லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நடந்தது இதன் கொடூரமான வடிவம். அன்றைய கணக்கில் சுமார் 4,000 சாவுகள். பின்னாளில் செய்த மதிப்பீடுகள் 12,000 வரை போகின்றன. நிலக்கரிப் புகை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்த மூடுபனித் துளிகளுக்குள் நைட்ரஜன் டை ஆக்சைடின் துணையோடு சல்ஃபேட் உருவாகிக் குவிந்ததை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. புகைபோக்கி பாதிக் குற்றவாளி என்றால், மூடுபனியும் வெப்பத் தலைகீழ் அடுக்கும் (மேலே வெப்பக் காற்று மூடி மாதிரி நின்று, கீழே உள்ள குளிர்ந்த காற்றை மேலேறவிடாமல் தடுப்பது) கூட்டாளிகள். பகலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து விரியும் காற்று, குளிர்கால இரவில் நூறு இருநூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். வாயுக்கள் எல்லாம் ஒரே அறைக்குள் அடைபட்ட மாதிரி ஆகிவிடும்.

அம்மோனியாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், உங்கள் கூட்டங்களில் அதற்கு நாற்காலியே இல்லை என்பதால். மிகப் பெரிய பங்கு வயலுக்குப் போடும் உரத்திலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் வருகிறது. அதற்குப் புகைபோக்கி இல்லை, புகை இல்லை. காற்றில் அது முதலில் கந்தக அமிலத்தோடுதான் சேரும், அந்தப் பிணைப்பு அவ்வளவு உறுதி. மிச்சம் இருந்தால் நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் ஆகும். இது பிரியவும் தயங்காத உறவு: குளிரும் ஈரமும் இருந்தால் துகள், வெயில் ஏறினால் மறுபடி இரண்டு வாயுக்கள். உங்கள் நிலையங்களில் 24 மணி நேரம் வைத்து எடுக்கும் வடிகட்டித் தாள்களை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் படிந்த நைட்ரேட்டில் ஒரு பகுதி மதிய வெயிலில் தாளிலிருந்து ஆவியாகிப் போயிருக்கும். நீங்கள் எடை போடுவது அதற்குப் பிறகு.

இதில் ஒரு பொறி உண்டு. சல்ஃபர் டை ஆக்சைடை மட்டும் குறைத்து அம்மோனியாவை அப்படியே விட்டால், சல்ஃபேட்டிலிருந்து விடுபட்ட அம்மோனியா நைட்ரேட்டிடம் போய்விடும். நீங்கள் எதிர்பார்த்த அளவுக்குத் துகள் குறையாது. இதைச் சொன்னதும், ‘அப்படியானால் கந்தகத்தைக் குறைத்து என்ன பயன்’ என்று யாராவது கேட்பார்கள். நிச்சயம் பயன் உண்டு, குறைக்கவும் வேண்டும். அதோடு நிறுத்திவிட்டு மிச்சம் ஏன் குறையவில்லை என்று சாலைப் புழுதிமேல் பழி போடக்கூடாது என்பதுதான் என் பேச்சு. பாரிஸில் 2014 மார்ச்சில் மாசு முற்றி, ஒற்றைப்படை இரட்டைப்படை எண் பார்த்து வாகனங்களை நிறுத்தினார்கள். அந்த நாட்களின் துகளில் பெரும்பங்கு அம்மோனியம் நைட்ரேட். வாகனம் பாதி, உரம் பாதி என்று பிறந்த பிள்ளைக்கு ஒருவரை மட்டும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

2020 தொடக்கத்தில் வட சீனாவில் நடந்ததும் இந்த வகைதான். நோய்த்தொற்று முடக்கத்தால் வாகனங்கள் நின்றன, நைட்ரஜன் ஆக்சைடுகள் சரிந்தன. இருந்தும் பெய்ஜிங்கில் கடும் புகைமூட்டம் வந்தது. ஓசோனைத் தின்றுகொண்டிருந்த நைட்ரஜன் ஆக்சைடு குறைந்ததில் ஓசோன் ஏறியது. ஓசோன் ஏறியதில் மிச்சமிருந்த வாயுக்களைத் துகளாக்கும் ஆக்சிஜனேற்றம் வேகம் பிடித்தது. ஈரப்பதமும் அசையாத காற்றும் கைகொடுத்தன. வண்டியை நிறுத்தியும் பயனில்லை பாருங்கள் என்று சிலர் மகிழ்ந்தார்கள். அவர்கள் பாதிப் பாடத்தோடு எழுந்து போனவர்கள். நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்த்துக் கரிம ஆவிகளையும் (கார்பன் அடங்கிய ஆவிகள்) குறைக்க வேண்டும் என்பது மீதிப் பாடம்.

கரிம ஆவிகள் என்றதும் மரங்கள் நினைவுக்கு வரும். மரங்கள் ஐசோப்ரீன் என்ற ஒரே ஆவியை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் விடுகின்றன. ஊசியிலைக் காடுகளின் பிசின் மணம் வேறு வகை ஆவி. மலைக்காடுகளின் மேல் தெரியும் நீல மங்கலுக்கு இந்த ஆவிகளே காரணம் என்று தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட் 1960லேயே எழுதினார். இதைப் பிடித்துக்கொண்டு மரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். மரம் விடும் ஆவியைத் துகளாக்குவதில் மனிதன் விட்ட நைட்ரஜன் ஆக்சைடுக்கும் கந்தகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அவற்றைக் குறைத்தால் மரத்தின் பங்கும் பல இடங்களில் தானாகக் குறையும். நீங்கள் கைவைக்க வேண்டியது பெயிண்ட், ஒட்டும் பசை, சுத்தம் செய்யும் திரவம், வாசனைப் பொருள் இவற்றின்மேல். வாகனப் புகை சுத்தமாகச் சுத்தமாக, நகரத்துக் கரிம ஆவியில் இவற்றின் பங்கு மேலே வந்துகொண்டிருக்கிறது. விறகுப் புகையும் லேசுப்பட்டது இல்லை. கிளம்பும்போது துகளாக இருக்கும் அதன் எண்ணெய்ப் பகுதி, காற்றில் விரவியதும் ஆவியாகிவிடும். ஓடிப்போய்விட்டது என்று நினைத்தால், ஆக்சிஜனேற்றம் அடைந்து சில மணி நேரத்தில் வேறு முகத்தோடு துகளாகத் திரும்பி வரும்.

இனி நான் கேட்பது.

முதலில் அந்தப் பெயரில்லாத துண்டைப் பிரித்து எழுதுங்கள். சல்ஃபேட் இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு, அம்மோனியம் இவ்வளவு, காற்றில் உருவான கரிமம் இவ்வளவு, ஒவ்வொன்றின் பின்னாலும் எந்த வாயு, அந்த வாயு எந்தத் துறையின் பொறுப்பு என்று. துல்லியமாக வராது, தெரியும். சாலைப் புழுதிக் கணக்கு மட்டும் துல்லியமாகவா வருகிறது? அதற்கு எடை மட்டும் அளக்கும் நிலையங்கள் போதாது. சில நிலையங்களிலாவது துகளின் வேதிச் சேர்க்கையை மணிக்கு மணி அளக்க வேண்டும், அம்மோனியா வாயுவையும் சேர்த்து.

எண்ணிக்கையையும் அளக்கத் தொடங்குங்கள். 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு, அதே அடர்த்தியில் 25 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் தேவை. எடைத் தராசுக்கு இந்தப் பத்து லட்சம் கண்ணிலேயே படாது. நுரையீரலின் கடைசி அறை வரை இவை போகும். வளர்ந்தபின் மேகத்துளிக்கு விதையாவதும் உண்டு. உலகம் முழுவதும் மேகவிதைகளில் ஏறக்குறைய பாதி இப்படிக் காற்றில் பிறந்தவை என்று கணினி மாதிரிக் கணக்குகள் சொல்கின்றன. அமெரிக்காவில் 1971இல் மொத்தத் தூசிக்கு வரம்பு வைத்தார்கள், 1987இல் 10 மைக்ரானுக்கு இறங்கினார்கள், 1997இல் 2.5க்கு. அதற்குக் கீழே இறங்க இன்னும் தயக்கம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் துகள் எண்ணிக்கைக்கு வரம்பு நிர்ணயிக்கவில்லை என்றாலும், ஒரு கை காட்டியிருக்கிறது: 24 மணி நேரச் சராசரி கன சென்டிமீட்டருக்கு 1,000க்குக் கீழ் என்றால் குறைவு, 10,000க்கு மேல் என்றால் அதிகம். இந்த அளவீட்டையும் வழக்கமான கண்காணிப்பில் சேர்க்கச் சொல்கிறது. முப்பதாயிரத்தைத் தொட்டது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தக் காலை உங்கள் பலகையில் ‘நன்று’ என்று பச்சை நிறத்தில் இருந்திருக்கும்.

புகைபோக்கி அளவீட்டில், ஆறியபின் உறைபவற்றையும் சேருங்கள். திட்டத்தின் எல்லையை மாநகர எல்லையோடு நிறுத்தாதீர்கள்; வாயு துகளாவதற்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வேளாண் துறையைக் கூப்பிடுங்கள். உரத்தைத் தெளித்துவிட்டு அப்படியே விடாமல் மண்ணுக்குள் இடுவது, கழிவுத் தொட்டிகளை மூடிவைப்பது என்று அவர்களிடம் ஏற்கெனவே வழிகள் இருக்கின்றன. விவசாயிக்கும் அதில் நஷ்டம் இல்லை, காற்றில் போகும் அம்மோனியா அவர் காசு கொடுத்து வாங்கிய நைட்ரஜன்தானே.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். தரவுகளை மாதச் சராசரியாகச் சுருக்கி வண்ணப் படமாகப் போடாதீர்கள். மணிக்கணக்கு எண்களை அப்படியே வெளியிடுங்கள். ஒரு துகள் காலை பத்து மணிக்குப் பிறந்து இரவுக்குள் வளர்ந்துவிடுகிறது. மாதச் சராசரியில் அந்தப் பிறப்பே நடந்ததாகத் தெரியாது. வட்டப்படத்தை நாங்கள் வரைந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
துகள் எண்ணும் ஒருவன்